ஹோம்ஸ்டெட் 1892: எஃகுத் தொழிலாளர் சங்கத்தை முறித்தது இயந்திரமா, நிர்வாகமா?

#1 வைகைக்கரை

அமெரிக்க எஃகுத் தொழிலின் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிற பலரும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள்: பெசமர் உலை வந்தது, கைத்திறன் செல்லாக்காசானது, சங்கம் விழுந்தது. இதில் காரண காரியம் சரியாகப் பொருந்துகிறதா என்பதுதான் என் சந்தேகம். உலோகவியல், கூலிக் கணக்கு, சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் மூன்று கேள்விகளாகக் கேட்கிறேன்.

பழைய படலிங் தொழிலாளியிடம் இருந்த திறன் என்ன, அதை எந்த இயந்திரம் எடுத்துக்கொண்டது? பிட்ஸ்பர்க் அருகிலுள்ள ஹோம்ஸ்டெட் எஃகாலையில் 1892-ல் நடந்த தகராறின் மையத்தில் இருந்த ‘விலையோடு ஏறி இறங்கும் கூலி’ எப்படி வேலை செய்தது? 12 மணி நேர ஷிப்ட் உலையின் தேவையா, முதலாளியின் தேவையா?

#2 உலைமுகம்

முதல் கேள்விக்கு என் பதில்.

தாதுவை உருக்கும் ஊதுலையிலிருந்து வரும் வார்ப்பிரும்பில் ஏறக்குறைய 4 சதவீதம் கரி (கார்பன்) இருக்கும். சம்மட்டியால் அடித்தால் நொறுங்கும். கரியை எடுத்தால்தான் வளையவும் தட்டவும் தோதான தேனிரும்பு கிடைக்கும். அப்படி எடுக்கிற வேலைதான் படலிங்.

உலையில் ஒரு பக்கம் நிலக்கரி எரியும் அடுப்பு, நடுவே தாழ்வான செங்கல் தடுப்பு, மறுபக்கம் இரும்பு கிடக்கும் தொட்டி. நிலக்கரி இரும்பைத் தொடாது. சுவாலை மட்டும் தடுப்பைத் தாண்டி, வளைந்த கூரையை ஒட்டி வந்து இரும்பின் மேல் இறங்கும். தொட்டியின் உட்புறத்தில் இரும்பு ஆக்சைடைப் பூசியிருப்பார்கள். கரியை எரிப்பதற்கான ஆக்சிஜன் பெரும்பாலும் அந்தப் பூச்சிலிருந்தே வருகிறது.

ஒரு தடவைக்கு 500 முதல் 600 பவுண்டு வார்ப்பிரும்பு போடுவார்கள். அரை மணி நேரத்தில் உருகிவிடும். பிறகு கதவிலுள்ள சிறு துளை வழியாக நீண்ட இரும்புக் கோலை நுழைத்துக் கிளற வேண்டும். கரி எரிந்து கார்பன் மோனாக்சைடாகக் கிளம்பும்போது குழம்பு முழுவதும் கொதித்துப் பொங்கும், மேலே நீலச் சுடர்கள் தத்தும். அந்தச் சுடர் குறையும் கட்டத்தில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும், படலிங் உலை அந்தச் சூட்டுக்குப் போகாது. கரி வெளியேற வெளியேற இரும்பின் உருகுநிலை ஏறும். அதனால் உலையின் சூடு குறையாமலேயே, கசடுக்குள் இரும்பு மணிமணியாகத் திரளும், மோரில் வெண்ணெய் திரள்கிற மாதிரி. அந்த மணிகளைக் கோலால் ஒதுக்கி, 200 பவுண்டு அளவில் இரண்டு மூன்று உருண்டைகளாக்கி, குறடால் பிடித்து வெளியே இழுத்து, கசடு பிழியும் இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும்.

அவசரப்பட்டுத் திரட்டினால் உருண்டையின் ஒரு பகுதியில் கரி தங்கிவிடும், உருட்டும்போது பிளந்துகொள்ளும். தாமதித்தால் இரும்பே எரிந்து கசடோடு போய்விடும். கூலி எடைக்கு எடை என்பதால் அந்த நஷ்டம் தொழிலாளியின் தலையில்தான் விழும். ஊதுலைக்கு ஊதுலை வார்ப்பிரும்பின் சுபாவம் மாறும். வெப்பமானியும் கிடையாது, பக்கத்தில் ரசாயனரும் கிடையாது. கண்ணும் கோலின் கனமும்தான் கருவி.

இதற்குச் சமமாக முக்கியமான இன்னொன்று உண்டு. படலிங்காரர் தம் உதவியாளுக்குத் தம் பங்கிலிருந்தே கூலி கொடுத்தார். ஒரு ஷிப்டுக்கு ஐந்து ஹீட் (ஒரு தடவை போட்டு உருக்கி எடுப்பது ஒரு ஹீட்) என்ற வரம்பைச் சங்கமே வைத்திருந்தது. வேலையின் வேகம், ஆள் எடுப்பது, உதவியாளைப் பழக்குவது எல்லாம் அவர் கையில் இருந்தன. கம்பெனி இரும்பைக் கொடுத்து இரும்பை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். 1858-ல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய ‘வல்கனின் மைந்தர்கள்’ சங்கம் இந்த அஸ்திவாரத்தில் எழுந்தது. 1876-ல் மற்ற இரும்பு, எஃகுச் சங்கங்களோடு இணைந்து ‘அமால்கமேட்டட்’ சங்கமானது.

#3 எஃகுவேல்

உலைமுகம் ஐயா படலிங்கை விளக்கியதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘பெசமர் வந்தது, திறன் போனது’ என்ற வாய்ப்பாட்டை நான் ஏற்கவில்லை.

பெசமர் கலம் முட்டை வடிவத்தில் இருக்கும், அச்சில் சாயும். சாய்த்து உருகிய வார்ப்பிரும்பை ஊற்றி, நிமிர்த்தும்போதே அடித்தட்டின் துளைகள் வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். எரிபொருள் எதுவும் வேண்டாம். முதலில் சிலிக்கனும் மாங்கனீசும் எரியும். சிலிக்கன் எரிகிற சூடுதான் முழு வேலைக்கும் முதல். அப்போது வாயில் சுவாலை குட்டையாக, பொறியோடு வரும். பிறகு கரி எரியத் தொடங்கினால் வெண்மையாகப் பல அடி உயரம் எழும். 15, 20 நிமிடத்தில் திடீரென்று சுருங்கும். அதுதான் நிறுத்த வேண்டிய நேரம்.

அந்த நொடியைச் சொல்வது ஊதுபவர், நீலக் கண்ணாடி வழியே சுவாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சில நொடி அதிகமாக ஊதினால் ஆக்சிஜன் தங்கி, உருட்டும்போது எஃகு கிழியும். சிலிக்கன் குறைவான இரும்பாக இருந்தால் சூடு போதாமல் கொப்பரையின் அடியில் உறைந்து ஒட்டும். அதை உடைத்தெடுக்கும் வரை அந்தக் கொப்பரை முடக்கம். கடைசியில் மாங்கனீசு கலந்த ஸ்பீகல் இரும்பைச் சேர்த்து ஆக்சிஜனை வாங்கி, வேண்டிய கரியைத் திரும்பக் கொடுப்பார்கள். பாஸ்பரஸ் மட்டும் போகாது, ஏனென்றால் உட்பூச்சு அமிலத்தன்மை உள்ள சிலிக்கா. பாஸ்பரஸ் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் குளிரில் தண்டவாளம் முறியும். அதனால்தான் சுப்பீரியர் ஏரிப் பகுதியின் பாஸ்பரஸ் குறைந்த தாதுவுக்கு அத்தனை மவுசு.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஐந்து ஹீட், ஹீட்டுக்கு 550 பவுண்டு என்றால் படலிங்காரர் ஒரு ஷிப்டில் கையாள்வது 2,750 பவுண்டு. 10 டன் பெசமர் கலம் ஒன்று அவருடைய எட்டு ஷிப்ட் வேலையை இருபது நிமிடத்தில் முடித்துவிடும். அலெக்சாண்டர் ஹாலி என்ற பொறியாளர், எரிந்துபோகும் அடித்தட்டைக் கழற்றி மாற்றும்படி அமைத்தார், ஆலையின் இருப்புப்பாதைகளையும் தூக்கிகளையும் பொருள் எங்கும் காத்துநிற்காதபடி போட்டார். அதன்பின் கலம் சும்மா நிற்கும் நேரம் சுருங்கியது. 1875-ல் பிராடக்கில் திறந்த எட்கர் தாம்சன் ஆலை அவருடைய வடிவமைப்புதான்.

ஆனால் கவனியுங்கள்: ஹோம்ஸ்டெட் 1881-ல் எஃகாலையாகவே பிறந்தது. எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி அதை 1883-ல் வாங்கினார். அங்கே கவிழ்க்கப் படலிங்காரர்கள் என்று ஒரு வர்க்கமே இல்லை. எஃகு உருட்டுகிறவர்கள், திறந்த உலைக்காரர்கள் (பெசமர் அல்லாத இன்னொரு வகை எஃகு உலை), சூட்டுலைக்காரர்கள்தான் அங்கே அமால்கமேட்டட் சங்கத்தை நடத்தினார்கள், எட்டுக் கிளைகளோடு. 1889-ல் நிர்வாகத்தோடு மோதி வெற்றியும் பெற்றார்கள். தேசிய அளவில் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டது 1891-ல், 24,000 பேர். பெசமர் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு! இயந்திரம்தான் சங்கத்தைக் கொன்றது என்றால் இந்தத் தேதிகள் எப்படிப் பொருந்தும்?

#4 கணக்குப்பிள்ளை

கூலிக் கணக்கு என் பங்கு.

பொருளின் விற்பனை விலை ஏறினால் டன் கூலி ஏறும், இறங்கினால் இறங்கும். பிட்ஸ்பர்கில் 1865-லேயே படலிங்காரர்களுக்கு இந்த ஏற்பாடு வந்துவிட்டது. ஹோம்ஸ்டெட்டில் 1889 ஒப்பந்தம் நாலங்குலச் சதுர பெசமர் பில்லட்டின் (உருட்டுவதற்கான எஃகுக் கட்டை) சந்தை விலையை அளவுகோலாக வைத்தது. தொழிலாளியைக் காக்க அடிவரம்பு ஒன்று இருந்தது: பில்லட் டன்னுக்கு 25 டாலருக்குக் கீழே போனாலும், கூலி 25 டாலர் விலைக்கு உரியதாகவே நிற்கும்.

1892-ல் நிர்வாகம் கேட்டவை மூன்று. அடிவரம்பை 22 ஆக்குவது, சில பிரிவுகளில் டன் கூலியையே வெட்டுவது, ஒப்பந்தம் முடியும் நாளை ஜூன் 30-லிருந்து டிசம்பர் 31-க்கு மாற்றுவது.

முதலாவதை மட்டும் போட்டுப் பார்ப்போம். பில்லட் 23 டாலர் என்று வையுங்கள். பழைய ஒப்பந்தப்படி கூலி 25-க்கு உரியது. 22 அடிவரம்பில் 23-க்கு உரியது. 25-ல் 2 போனால் 8 சதவீத வெட்டு. இதற்கு மேல் டன் கூலி வெட்டு தனி.

இதில் உள்ள அநீதி என்னவென்றால், ஹோம்ஸ்டெட்டின் வருமானம் பில்லட்டை விற்று மட்டும் வந்ததில்லை. பில்லட் விலை இறங்கினாலும் தகடு, உத்திரம், கடற்படைக்கான கவசத்தகடு ஆகியவற்றின் விலை அதே வீதத்தில் இறங்க வேண்டியதில்லை. ஆனால் கூலி மட்டும் பில்லட்டோடு கட்டப்பட்டிருந்தது. பேச்சுவார்த்தையின் முடிவில் நிர்வாகம் 23-க்கு வந்தது, சங்கம் 24-க்கு இறங்கியது. இடைவெளி ஒரே ஒரு டாலர்.

அந்த ஒரு டாலருக்காக ஆலையைச் சுற்றி மூன்று மைல் வேலி எழுப்பவில்லை கார்னகி கம்பெனியின் தலைவர் ஹென்றி கிளே ஃபிரிக். வெட்டு நேரடியாகத் தொட்டது 3,800 பேரில் 325 பேர் அளவில்தான். நிர்வாகத்துக்கு வேண்டியிருந்தது கூலிக் குறைப்பைவிடப் பெரியது: யாரோடும் பேசாமல் ஆலையை நடத்தும் அதிகாரம்.

#5 வைகைக்கரை

நன்றி ஐயா. டிசம்பர் 31 ஏன் அவ்வளவு முக்கியம்? ஆறு மாதம் தள்ளிப்போவதில் தொழிலாளிக்கு என்ன கெடுதல்?

#6 கணக்குப்பிள்ளை

குளிர்காலம். பென்சில்வேனியா ஜனவரியில் வீட்டுக்கு நிலக்கரி வாங்காமல் பிழைக்க முடியாது. கோடையில் வேலைநிறுத்தம் என்றால் தோட்டத்துக் காய்கறி இருக்கும், வேறு கூலிக்கும் போகலாம். நடுக்குளிரில் பிள்ளைகுட்டியோடு இரண்டு வாரம் தாக்குப்பிடிப்பதே பெரிது. ஒப்பந்தம் முடியும் தேதியும் ஓர் ஆயுதம், இரு தரப்புக்கும் அது தெரியும்.

#7 எஃகுவேல்

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்ததுதான். கார்னகி ஸ்காட்லாந்தில் இருந்தார், பொறுப்பு முழுவதும் ஃபிரிக்கிடம். ஜூன் கடைசியில் கதவடைப்பு. ஜூலை 6 அதிகாலையில் பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் 300 ஆட்களை இரண்டு படகுகளில் மொனங்கஹேலா ஆற்று வழியாகக் கொண்டுவந்தார்கள். பகல் முழுவதும் துப்பாக்கிச் சண்டை, மாலையில் பிங்கர்டன்கள் சரணடைந்தார்கள். இரு தரப்பிலும் சேர்த்துப் பத்துப் பேர் அளவில் இறந்தனர். ஜூலை 12-ல் ஆளுநர் பேட்டிசன் அனுப்பிய மாநிலப் படை, 8,000-க்கும் மேற்பட்டோர், ஊருக்குள் வந்தது. அதன் காவலில் கருங்காலிகளை வைத்து உலைகளை ஏற்றினார்கள். ஜூலை 23-ல் அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற அராஜகவாதி ஃபிரிக்கைச் சுட்டார். பெர்க்மனுக்கும் சங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஆனாலும் பொதுமக்களின் பரிவு குறைந்தது. நவம்பர் 20-ல் சங்கம் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது. முன்னின்றவர்கள் மீது கொலை, கலவரம், மாநிலத்துக்கு எதிரான துரோகம் என்று வழக்குகள் பாய்ந்தன. ஜூரிகள் யாரையும் தண்டிக்கவில்லை. ஆனால் வழக்குச் செலவே சங்கத்தின் நிதியை உறிஞ்சியது, கறுப்புப் பட்டியல் மிச்சத்தை முடித்தது.

அதிகம் பேசப்படாத ஒன்று: சங்க உறுப்பினர்கள் 800 பேர் அளவில்தான். மற்ற 3,000 பேர் சங்கம் சேர்த்துக்கொள்ளாத மெக்கானிக்குகளும் சாதாரணக் கூலிகளும். கூலி வெட்டு அவர்களைத் தொடவில்லை. ஆனாலும் கூட்டம் போட்டு, கூடவே நிற்பதென்று முடிவெடுத்தார்கள். அவர்களை முன்கூட்டியே சங்கத்தில் சேர்க்காதது அமால்கமேட்டட் செய்த பெரும் தவறு, அதற்கான விலையை அடுத்த முப்பது ஆண்டுகள் எல்லோரும் கொடுத்தார்கள்.

#8 தென்பொருநை

மூன்றாவது கேள்வி, 12 மணி நேரம். இதில் உலையின் தேவையையும் ஆள் கணக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஊதுலையை இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது, உண்மை. காற்றை நிறுத்தினால் அடித்தட்டில் இரும்பு உறைந்து கட்டிவிடும். அதை உடைத்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். கற்கரியை மிகுதியாகப் போட்டு, காற்றுக் குழாய்களைக் களிமண்ணால் அடைத்து, உலையைத் ‘தூங்கவைக்க’லாம். தினமும் செய்கிற காரியமல்ல அது. ஆக, உலை 24 மணி நேரமும் எரிய வேண்டும். ஆனால் 24-ஐ இரண்டாகப் பங்கிடுவதா, மூன்றாகப் பங்கிடுவதா என்று உலை சொல்வதில்லை.

இரண்டு குழு என்றால் இப்படி: பகல் குழு 12, இரவுக் குழு 12. இரவிலேயே ஒரு குழுவை வைத்திருக்க முடியாதென்று குழுக்களை மாற்றுவார்கள். மாற்றும் ஞாயிறன்று ஒரு குழு தொடர்ந்து 24 மணி நேரம் நிற்கும், மற்றக் குழுவுக்கு 24 மணி நேரம் ஓய்வு. வாரா வாரம் மாற்றுகிற இடத்தில் கணக்கு: நீண்ட ஷிப்ட் விழும் வாரத்தில் 6×12 = 72, அதோடு 24, ஆக 96 மணி. ஓய்வு விழும் வாரத்தில் 72. சராசரி 84. மூன்று குழு என்றால் சராசரி 56.

1910-ல் பென்சில்வேனியாவின் பெத்லகேம் எஃகாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கூட்டரசின் தொழிலாளர் பணியகம் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், இரும்பு, எஃகாலைத் தொழிலாளர்களில் 29 சதவீதம் பேர் வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்தார்கள். 43 சதவீதம் பேருக்கு வாரத்துக்கு 72 மணி நேரமோ அதற்கு மேலோ. இவர்களில் உருட்டாலைக்காரர்களும் உண்டு. உருட்டாலையை நிறுத்தினால் எதுவும் உறையாது!

24 மணி நேர ஷிப்டில் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். திறந்த உலையில் 50 டன் ஒரு ஹீட், எட்டுப் பத்து மணி நேரம் பிடிக்கும். ஹீட் இறக்கியதும், சூடு ஆறுவதற்குள் அரிக்கப்பட்ட உட்சுவரை டோலமைட்டால் பூச வேண்டும். பூசுவதென்றால் கரண்டியால் பூசுவதல்ல: மண்வெட்டியில் அள்ளி, வரிசையாகத் திறந்த கதவின் முன் ஓடிப்போய், எதிர்ச்சுவரில் உள்ள குழியில் சரியாக விழும்படி வீசிவிட்டு, முகம் கருகுமுன் விலக வேண்டும். இடையே எஃகைக் கரண்டியில் மொண்டு சிறு அச்சில் ஊற்றி, தண்ணீரில் நனைத்து, உடைத்து, உடைந்த முகத்தின் மணிகளைப் பார்த்துக் கரி எவ்வளவு என்று முதல் உதவியாளர் மதிப்பிடுவார். இருபதாவது மணி நேரத்தில் அந்தக் கண் எப்படி இருக்கும்? ஈரம்பட்ட அச்சில் ஒரு சொட்டு உருகிய எஃகு விழுந்தால் நீராவி வெடிப்பு. களைத்தவன் ஈரத்தைக் கவனிக்கமாட்டான்.

#9 எஃகுவேல்

இதற்கு வலு சேர்க்கும் செய்தி ஒன்று. எட்கர் தாம்சன் ஆலையின் தலைமை மேலாளர் வில்லியம் ஜோன்ஸ் 1870-களின் கடைசியில் எட்டு மணி ஷிப்டைக் கொண்டுவந்தார். 12 மணி நேர வேலையை மனித உடம்பு தாங்காது, எட்டு மணி ஆள் அதிக வேலை செய்வான் என்பது அவர் வாதம். அவருடைய ஆலை உற்பத்தியில் சாதனை மேல் சாதனை படைத்த ஆண்டுகள் அவை. மற்ற ஆலைகள் பின்பற்றவில்லை. போட்டியாளருக்கு இரண்டு குழு, நமக்கு மூன்றா என்று கார்னகி 1888-ல் கதவடைப்பு நடத்தி 12-க்குத் திருப்பினார். பிங்கர்டன்கள் அங்கேயும் வந்தார்கள். ஜோன்ஸ் மறு ஆண்டு ஊதுலை வெடிப்பில் இறந்தார்.

ஆக, எட்டு மணி நேரம் அப்போதே நடைமுறையில் ஓடிக்காட்டியது. ஹோம்ஸ்டெட்டுக்கு நாலு வருஷம் முன்பே அதைக் கைவிட்டது நிர்வாக முடிவு.

#10 மறுகோணம்

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். சில எண்களையும் பார்க்க வேண்டும். 1880-ல் அமெரிக்கா செய்த எஃகு 12.5 லட்சம் டன், 1900-ல் ஒரு கோடியைத் தாண்டியது. 1880-ல் எஃகுத் தண்டவாளம் டன்னுக்கு 67 டாலர் அளவில், 1898-ல் 18 டாலருக்கும் கீழ். தண்டவாளம் மலிந்தால் கோதுமை மலியும், பாலம் மலியும், தொழிலாளி சாப்பிடும் ரொட்டியும் மலியும். ஸ்லோவாக்கியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் மக்கள் கப்பல் ஏறி வந்தது சும்மாவா? சொந்த ஊரில் கிடைத்ததைவிடக் கூலி அதிகம் என்பதால்தானே? உருட்டாலையின் தலைமை உருட்டாளருக்கு அந்தக் காலத்திலேயே நாளுக்குப் பல டாலர் கிடைத்தது.

#11 அல்லிக்கேணி

மறுகோணம் நண்பரே, நீங்கள் சொல்கிற விலைச் சரிவு உண்மை. வந்தவர்களுக்கு ஊரைவிடக் கூலி அதிகம் என்பதும் உண்மை. அந்தக் கூலியில் குடும்பம் எப்படி நடந்தது என்று பாருங்கள்.

1907–08-ல் பிட்ஸ்பர்கில் நடந்த பெரிய ஆய்வு ஹோம்ஸ்டெட் வீடுகளின் வரவுசெலவை வாரா வாரம் குறித்தது. சாதாரணக் கூலிக்கு மணிக்கு 16½ சென்ட். 12 மணி நேரம் நின்றால் 1 டாலர் 98 சென்ட். ஆறு நாளைக்கு 12 டாலருக்கும் கீழே. ஓரளவு மரியாதையான குடும்ப வாழ்க்கைக்கு வாரம் 15 டாலராவது வேண்டும் என்பது அந்த ஆய்வின் மதிப்பு. இந்த மூன்று டாலரை எங்கிருந்து கொண்டுவருவது?

பெண்கள் கொண்டுவந்தார்கள். தனியாக வந்த ஆண்களை வீட்டில் தங்கவைத்து, படுக்கை, சமையல், துணி துவைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு மாதம் 3 டாலர். சாப்பாட்டுச் சாமான் செலவு தனிக் கணக்கு, ஒவ்வொருவர் பேரிலும் எழுதிப் பங்கிடுவார்கள். பகல் ஷிப்ட்காரர் எழுந்த படுக்கையில் இரவு ஷிப்ட்காரர் படுப்பார். தண்ணீர் முற்றத்துப் பொதுக் குழாயில். இரண்டு ஷிப்டுக்கும் சூடான சாப்பாடும் மதியத் தூக்கும் தயாராக வேண்டும் என்றால், அந்தப் பெண்ணுக்கு எத்தனை மணி நேர வேலை? ஆலைக் கணக்கில் அவள் பெயர் எங்கும் இல்லை. ஆலை 16½ சென்ட்டுக்கு ஆள் வைத்து ஓட முடிந்ததே அவள் உழைப்பால்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

#12 வழக்குமன்றம்

விபத்துச் சட்டத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். அதே ஆய்வின் பகுதியாக கிறிஸ்டல் ஈஸ்ட்மன் எடுத்த கணக்கு: பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகெனி மாவட்டத்தில் 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை ஓராண்டில் வேலை விபத்தில் இறந்தவர்கள் 526 பேர். எஃகாலைகளில் மட்டும் 195.

இறந்தவரின் மனைவி வழக்குப் போட்டால் முதலாளி தரப்பு மூன்று கேடயங்களை எடுக்கும். உடன் வேலைசெய்தவரின் கவனக்குறைவால் நடந்தால் முதலாளி பொறுப்பல்ல, மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1842-லேயே ஃபார்வெல் வழக்கில் நிலைநாட்டியது இது. ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்ததால் அதை ஏற்றுக்கொண்டார் என்பது இரண்டாவது. அவர் பக்கம் சிறு கவனக்குறைவு இருந்தாலும் இழப்பீடு கிடையாது என்பது மூன்றாவது. தூக்கியின் சங்கிலி அறுந்து கொப்பரை கவிழ்ந்தால், சங்கிலியைப் பார்க்க வேண்டியவர் இன்னொரு தொழிலாளி, ஆகவே முதல் கேடயம். சங்கிலி தேய்ந்தது தெரிந்தும் கீழே நின்றார், ஆகவே இரண்டாவது. எப்படிப் பார்த்தாலும் வழக்கு நிற்காது. ஈஸ்ட்மன் கணக்கில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 100 டாலரைத் தாண்டி எதுவும் கிடைக்கவில்லை. சவ அடக்கத்துக்கே சரியாகப் போய்விடும்.

நியூயார்க் 1910-ல் கொண்டுவந்த கட்டாய இழப்பீட்டுச் சட்டத்தை 1911 மார்ச் 24-ல் அம்மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்றது. மறுநாள்தான் ட்ரையாங்கிள் தையல் ஆலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு விஸ்கான்சின் கொண்டுவந்த சட்டம் நிலைத்தது. எஃகின் தாயகமான பென்சில்வேனியா 1915 வரை இழுத்தது. இழப்பீடு கட்டாயமானதும் விபத்து செலவுக் கணக்கில் ஏறியது. பற்சக்கரத்துக்கு மூடி, பாதுகாப்புக் குழு எல்லாம் வேகமெடுத்தது அந்தக் காலத்தில்தான்.

#13 மறுகோணம்

அல்லிக்கேணி அம்மா சொன்ன வீட்டுக் கணக்கு என் வாதத்தில் இல்லாத பகுதி, ஏற்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மூன்று குழு என்றால் ஆள் செலவு ஏறும், எஃகு விலை ஏறும், தொழில் தாங்காது என்று நிர்வாகம் சொன்னதில் நியாயமே இல்லையா?

#14 கணக்குப்பிள்ளை

அந்தக் கேள்விக்கு 1923 பதில் சொல்லிவிட்டது.

1919 செப்டம்பர் 22-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறங்கினார்கள். எட்டு மணி நேரம், ஏழில் ஒரு நாள் ஓய்வு, 24 மணி ஷிப்ட் ஒழிப்பு, கூட்டுப் பேரம் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். 24 சங்கங்கள் கூட்டாக நடத்தின. பென்சில்வேனியாவில் கூட்டம் கூடவே தடை, இண்டியானாவின் கேரி நகரில் ராணுவம். 1920 ஜனவரி 8-ல் தோல்வியோடு முடிந்தது.

ஆனால் பத்திரிகைகளும் திருச்சபைகளும் பொறியாளர்களும் 12 மணி நேரத்தை விடவில்லை. ஜனாதிபதி ஹார்டிங் நேரடியாக நெருக்கினார். 1923 மே மாதம் எஃகு முதலாளிகள் சங்கம், 60,000 ஆள் கூடுதலாக வேண்டும், செலவு 15 சதவீதம் ஏறும், முடியாது என்றது. எதிர்ப்பு வெடித்தது. ஆகஸ்டிலேயே, கார்னகியின் ஆலைகளையும் உள்ளடக்கிய யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் மாற்றத்தைத் தொடங்கிவிட்டது! மூன்று மாத இடைவெளியில் உலோகவியலில் எந்தப் புதுமையும் நிகழவில்லை.

கூலியை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. மணிக் கூலியை 25 சதவீதம் ஏற்றினார்கள். பழைய மணிக் கூலி 1 என்றால் 12 மணிக்கு 12. புதியது 1.25 என்றால் 8 மணிக்கு 10. நாள் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அதாவது மாற்றத்தின் செலவை இரு தரப்பும் பங்கிட்டன. 12 மணி நேரக் கூலியை எட்டு மணிக்கே கொடுக்க வைக்கும் பலம் கொண்ட சங்கம் அப்போது இல்லை. யு.எஸ். ஸ்டீல் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1937 மார்ச் 2-ல்தான், ஹோம்ஸ்டெட்டுக்கு 45 வருஷம் கழித்து. இம்முறை சங்கத்தில் மண்வெட்டிக்காரரும் உருட்டாளரும் ஒன்றாக இருந்தார்கள்.

#15 தென்பொருநை

நம் நாட்டோடு நேரடித் தொடர்புள்ள ஒன்று. ஜம்ஷெட்பூர் டாட்டா ஆலைக்கு ஆலோசகர் சார்லஸ் பேஜ் பெரின் என்ற அமெரிக்கர், ஆலையை வடிவமைத்தது பிட்ஸ்பர்கின் ஜூலியன் கென்னடி நிறுவனம். பிட்ஸ்பர்க் தொழில்நுட்பம்தான். 1912-ல் அங்கே எஃகு உருகத் தொடங்கியது, அதே ஆண்டு எட்டு மணி நேர வேலையும் வந்தது. பிட்ஸ்பர்கில் அது வர இன்னும் 11 வருஷம் இருந்தது.

#16 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. தேதிகளை வரிசைப்படுத்திக்கொண்டேன். கடைசியாக ஒன்று: படலிங் எப்போது, எந்த இயந்திரத்தால் முடிந்தது? அதைச் சொன்னால் என் முதல் கேள்வி முழுமையாகும்.

#17 உலைமுகம்

படலிங்கை இயந்திரமாக்கப் பலர் முயன்றார்கள். சுழலும் உலைகள் வந்தன, உட்பூச்சு தாங்காமல் போயின, உருண்டையின் தரமும் சீராக வரவில்லை. எஃகு மலிந்ததும் தேனிரும்புக்கான தேவைதான் சுருங்கியது. நீராவிக் குழாய், சங்கிலி, ரயில்பெட்டி இணைப்புப் போன்றவற்றுக்குத் துருத் தாங்கும் இரும்பு வேண்டும் என்று கேட்டவர்களுக்காகக் கை படலிங் இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது.

அதே தரத்தை இயந்திரத்தில் வெற்றிகரமாகச் செய்தது ஜேம்ஸ் ஆஸ்டன் முறை. பெசமர் கலத்தில் கரி நீக்கிய இரும்பை, அதைவிடச் சூடு குறைந்த உருகிய கசடுக்குள் ஊற்றுவார்கள். இரும்பு சட்டென்று உறைந்து, கரைந்திருந்த வாயு வெடித்துச் சிதறி, பஞ்சு போன்ற பெரும் உருண்டையாக அடியில் சேரும். அதை அழுத்திப் பிழிந்தால் தேனிரும்பு. பைர்ஸ் கம்பெனி இதற்கென்று ஆம்பிரிட்ஜில் ஆலை கட்டியது 1930-ல். ஹோம்ஸ்டெட் சங்கம் முறிந்து அப்போது 38 வருஷம் ஆகியிருந்தது.